கமாடோ அடுப்பில் விரிசல் விட்டால் யாரைப் பிடிப்பது?

செராமிக் கமாடோ (முட்டை வடிவில், மூடியோடு இருக்கும் கனமான கரி அடுப்பு) வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "எத்தனை வருஷம் உழைக்கும்?" கடைக்காரரும் தயாராக "செராமிக்குக்கு ஆயுள் வாரன்டி" என்பார். சிட்னியில் ஒரு பார்பிக்யூ கடையில் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். வாங்கினேன், வீட்டில் இறக்கிப் பொருத்திக் கொடுத்தார்கள், ஆட்டுத்தொடை, கோழி என்று நன்றாகவே ஓடியது. இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், உள்ளே இருக்கும் துண்டுகள் உடைந்தால் மாற்றுத் துண்டு இந்த நாட்டில் கையிருப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். அடுப்பு உழைப்பது அதற்கு அப்புறம்தான்.

பீட்சாவுக்காக நன்றாகச் சூடேற்றிய ஒரு சனிக்கிழமைக்கு மறுநாள், சாம்பல் அள்ளும்போது ஃபயர்பாக்ஸில், அதாவது உள்ளே கரியைத் தாங்கும் செராமிக் கிண்ணத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. விரலால் தடவினால் நகம் மாட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கப் பளபளப்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வந்தால் பதறாதீர்கள். அது மேல்பூச்சு மட்டும்தான், வாரன்டியிலும் வராது, சமையலுக்கும் கெடுதல் இல்லை. நகம் மாட்டினால், அல்லது காற்று வாய்களை மூடியபின் அந்தக் கோட்டின் வழியே புகை கசிந்தால், அதுதான் உண்மையான விரிசல். கடையிலேயே சோதிக்க வேண்டும் என்றால் சந்தையில் பானை வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, 'பொத்' என்று கேட்டால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். மூடியைச் சாத்தி, விளிம்பில் ஒரு தாளைச் செருகி இழுத்தும் பார்க்கலாம். எந்த இடத்திலும் தாள் சுலபமாக வழுக்கி வரக் கூடாது.

ஃபயர்பாக்ஸ்தான் இந்த அடுப்புகளில் அடிக்கடி விரிசல் விடுகிற பாகம். கரிப்பக்கம் கொதிக்கிறது, வெளிச்சுவர்ப் பக்கம் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. ஒரே துண்டாக வார்த்த செராமிக் அந்த வித்தியாசத்தில் விரிந்துகொடுக்க வழியில்லாமல் பிளந்துவிடுகிறது. இதற்காகத்தான் கமாடோ ஜோ நிறுவனம் தன் புதிய மாடல்களில் ஃபயர்பாக்ஸை 6 துண்டுகளாகச் செய்தது. 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் விற்ற முதல் அடுப்புகள் ஜப்பானியப் பாணி மண் அடுப்புகள். அவை சீக்கிரம் விரிசல் விட்டதால்தான் அந்த நிறுவனம் செராமிக்குக்கு மாறியது. ஆக, விரிசல் என்பது இந்தத் தொழிலுக்குப் புதிய செய்தியே அல்ல. ஆனால் நான் கூப்பிட்டபோது கடைப் பையன் உலகத்திலேயே முதல் விரிசலைக் கேள்விப்பட்டவன் போலப் பேசினான்.

"அது கம்பெனி வாரன்டி சார், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. இணையத்தில் கிளெய்ம் போடுங்கள்" என்று போனை வைத்துவிட்டான்.

போட்டேன். சீரியல் நம்பர், பதிவு செய்ததற்கான ஈமெயில், வாங்கிய பில், நாலாபக்கமும் எடுத்த படங்கள் எல்லாம் கேட்டார்கள். பில் வெப்பத்தாளில் அச்சானது. எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம்! "பில் படிக்க முடியவில்லை, கிளெய்ம் நிறுத்திவைக்கப்பட்டது" என்று பதில். வங்கிக் கணக்கு அறிக்கையை அனுப்பினேன். இங்கே அதுவும் வாங்கியதற்கான ஆதாரம்தான், பில் மட்டுமே ஆதாரம் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கல்லை எறிந்தார்கள்: "அதிக வெப்பத்தில் பயன்படுத்தியதால் வந்த விரிசல். தவறான பயன்பாடு வாரன்டியில் சேராது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது இங்கேதான். அவர்களே கொடுத்த கையேட்டில் பீட்சாவுக்கு என்று ஒரு பக்கமே இருக்கிறது. எவ்வளவு சூடு ஏற்ற வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலே இல்லை. போன் செய்தால் டிக்கெட் நம்பரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

வழி காட்டியவர் சிட்னியின் டூங்காபி பகுதியில் இருக்கும் ஓர் அண்ணா. வாஷிங் மெஷினுக்காக ஒரு கடையோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர். "தம்பி, கம்பெனியை ஏன் துரத்துறீங்க? வித்தவனைப் பிடிங்க. சட்டம் அவனைத்தான் பொறுப்பாக்குது" என்றார்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனி தரும் வாரன்டிக்கு மேலே, அதிலிருந்து தனியாக, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற காலம் உழைக்க வேண்டும் என்று அது கடைக்காரரைக் கட்டிப்போடுகிறது. "கம்பெனியிடம் போ" என்று கடை தட்டிக்கழிக்க முடியாது. இந்த உரிமைக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. பரிசாகக் கிடைத்த அடுப்பாக இருந்தாலும் உரிமை உண்டு. கம்பெனி வாரன்டிகளிலோ பெரும்பாலும் 'முதலில் வாங்கியவருக்கு மட்டும்' என்ற வரி இருக்கும். இன்னொரு அருமையான விஷயம்: எடையாலோ அளவாலோ திருப்பிக் கொண்டுபோகப் பெரிய செலவாகும் பொருள் என்றால், கடைதான் தன் செலவில் எடுத்துப்போக வேண்டும். 18 அங்குல செராமிக் கமாடோக்கள் பல 70 கிலோவுக்குக் குறையாது. "நீங்களே கொண்டுவந்தால் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்த அதே கடைக்கு இந்த வரியைத் தட்டச்சு செய்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஈமெயிலைச் சுருக்கமாக எழுதினேன். என்ன வாங்கினேன், எப்போது, என்ன ஆனது, கையேட்டுப் பக்கம், வங்கி அறிக்கை, எனக்கு என்ன வேண்டும். கடைசியில், தீர்வு இல்லையென்றால் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் மாநில அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுப்பேன் என்று ஒரு வரி. திட்டவில்லை, திட்ட ஆசையாகத்தான் இருந்தது. கடை மேனேஜர் தானே கூப்பிட்டார். "சார், ஃபயர்பாக்ஸ் அனுப்பிவிடுகிறோம்." சிறிய கோளாறு என்றால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணம் தருவதா என்று கடை முடிவு செய்யலாம், பெரிய கோளாறு என்றால்தான் அந்தத் தேர்வு நம் கையில். புது ஃபயர்பாக்ஸ் கிடைத்தால் எனக்குப் போதும், அதனால் அதோடு விட்டேன்.

கதை அதோடு முடியவில்லை. வந்த பெட்டியில் இருந்தது பழைய மாடலின் ஃபயர்பாக்ஸ். என் அடுப்புக்குள் இறங்கவே இல்லை. சரியான துண்டு நாட்டில் கையிருப்பில் இல்லையாம், அடுத்த கப்பலில் வருமாம். முதலிலேயே விசாரிக்கச் சொன்னது இதற்காகத்தான். வாங்கும் முன் கடையில் "இந்த மாடலுக்கு ஒரு ஃபயர்பாக்ஸ் தனியாக வேண்டும், என்ன விலை, எப்போது கிடைக்கும்?" என்று கேளுங்கள். முகம் மாறினால் புரிந்துகொள்ளலாம். கப்பல் வரும்வரை விரிசல் விட்ட ஃபயர்பாக்ஸிலேயே சமைத்தேன். துண்டு துண்டாக விழாதவரை அது வேலை செய்யும், வெளிச்சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். வெளிச்சுவரே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு.

சரியான துண்டு வந்த அன்று டெலிவரி ஆளை நிற்கவைத்துப் பெட்டியைப் பிரித்து, படம் எடுத்தபிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு எரிச்சல். இருக்கட்டும்.

பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு: தனியாரிடம் வாங்கினால் தரம், உழைப்பு பற்றிய சட்ட உத்தரவாதம் கிடையாது, கம்பெனி வாரன்டியும் அநேகமாக உங்களுக்கு வராது. அந்த விலைக்குத் துண்டுகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள். விரிசல் பயமே வேண்டாம் என்றால் இரட்டைச் சுவர் இரும்பில் கமாடோக்கள் இருக்கின்றன. அவை பிளக்காது, துருப்பிடிக்கும்.

வாரன்டிப் பக்கத்தில் அட்டவணையையும் பாருங்கள். ஆயுள் என்பது செராமிக்குக்கு மட்டும். வெப்பமானி, இரும்புப் பாகங்களுக்கெல்லாம் அதைவிடக் குறைந்த காலம். காற்று கசியாமல் அடைக்க விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் கேஸ்கெட் தேய்மானப் பொருள், அதிகச் சூட்டில் கருகும், அதற்குச் சண்டை போடாமல் புதிதாக வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். மூடியைப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்டுகளை முதல் சில சமையலுக்குப்பின் முறுக்கிவிடுங்கள். சூட்டில் அவை தளர்ந்து, மூடி நழுவி விழுந்து உடைந்த கதைகள் உண்டு, கீழே விழுந்து உடைந்ததற்கு வாரன்டியில் பொதுவாகத் துண்டு கிடைக்காது.

புது ஃபயர்பாக்ஸை இறக்குமுன் அடியிலும் பக்கத்திலும் தங்கிய சாம்பலைச் சுத்தமாக வழித்தெடுத்தேன். அந்த இடைவெளி அடைத்துக்கொண்டால் செராமிக் விரிய இடமிருக்காது. அதன் வாய் கீழ்க் காற்று வாய்க்கு நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பியிருந்தால் கரி பற்றவே பற்றாது.