25 மதிப்பெண்ணுக்குள் ஒரு பாட வடிவமைப்பு

கற்போர் மையக் கல்வி என்ற சொல் கல்லூரிக் கோப்புகளில் தாராளமாகப் புழங்குகிறது. ஒவ்வொரு தாளுக்கும் கற்றல் விளைவுகளை எழுதி, பட்டப்படிப்பின் நோக்கங்களோடு அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு 3, 2, 1 என்று எண்ணிட்டு அட்டவணை தயாரித்து, தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளுக்காக அடுக்கி வைக்கிறோம். அந்த அட்டவணையைப் பார்த்துத் தம் வினாத்தாளை மாற்றிய ஆசிரியர் அபூர்வம். கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் விரித்துரைத்த கருத்து எளிமையானது: மாணவர் எதைச் செய்யக் கற்க வேண்டுமோ, அதையே வகுப்பும் பழக்க வேண்டும், தேர்வும் சோதிக்க வேண்டும். விளைவில் 'பகுத்தாய்வர்' என்று எழுதிவிட்டு வினாத்தாளில் 'வரையறு' என்று கேட்டால், மாணவர் வினாத்தாளைத்தான் நம்புவார்.

எங்களைப் போன்ற இணைப்புக் கல்லூரிகளில் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போய்விடுகிறது. ஆசிரியர் கையில் இருப்பது அகமதிப்பீட்டுக்கான 25 மட்டுமே. அதிலும் ஒப்படைப்புக்கு ஒதுக்கியதில்தான் நமக்குச் சுதந்திரம்.

விலங்கியல் மாணவர்களுக்கான உயிரிப் புள்ளியியல் தாளில் கூறெடுத்தல், அதாவது முழுத் தொகுதியை அறியச் சிலவற்றை மட்டும் எடுத்து அளத்தல், என்றொரு பகுதி உண்டு. அதற்குச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், பாம்பனிலோ மண்டபத்திலோ கரைக்கு வரும் காரல் மீன்களின் நீளத்தை அளந்து சராசரி காணச் சொல்கிறேன். பிறகு ஒரே கேள்வி: இது கடலில் உள்ள காரலின் சராசரியா? மீனவர் வீட்டுப் பிள்ளைகள், வலைக்கண்ணுக்குத் தப்பிய சிறுமீன் இந்தக் கணக்கில் இல்லையே என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். கூறெடுப்புச் சாய்வு என்ற பெயர் அதன்பிறகு வந்தால் போதும்.

ஆனால் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கடல் அறிந்தவர்கள் என்று வைத்துக்கொள்வதும் ஒருவகைச் சோம்பல்தான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் காரலைவிட முண்டு மிளகாய் நெருக்கமானது. மூட்டையின் மேல்வாயில் கிடக்கும் பழங்களை மட்டும் அளந்தால் அடியில் கிடப்பதைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று அவர்களுக்குக் கேள்வியை மாற்றிக் கொடுக்கலாம். புள்ளியியல் ஒன்றே, நுழையும் வாசல்தான் வேறு.

காலத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். ஆகவே இரண்டாம் பருவத்தில் அளவெடுக்கும் வேலை மார்ச்சுக்குள் முடிந்தாக வேண்டும்.

ஒப்படைப்புக்கு ஐந்து மதிப்பெண் என்றால், தம் கூறில் எது விடுபட்டது, அதனால் சராசரி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை விளக்குவதற்கு மூன்றையும், அளவீட்டுக்கும் வரைபடத்துக்கும் இரண்டையும் ஒதுக்குகிறேன். இந்தப் பங்கீட்டைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவதால், நண்பரின் அட்டவணையைப் பார்த்து எழுதுவதில் ஆதாயம் குறைவு என்பது மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே விளங்கிவிடுகிறது.