கேட்டால்தான் பூஜ்ஜியம்: என் குட்டி கெர்னலின் பேஜ் அலகேட்டர்

ரிஸ்க்-ஃபைவ் என்ற 64 பிட் பிராசஸர் வகைக்காகப் பொழுதுபோக்காய் எழுதிவரும் கெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரி கொடுக்க இதுவரை ஒரே ஒரு ஃபங்ஷன்தான். காலி பேஜ்களின் பட்டியலான ஃப்ரீ லிஸ்ட்டிலிருந்து பேஜ் ஒன்றை, அதாவது 4096 பைட் மெமரித் துண்டை, உருவி, மெம்செட் போட்டு முழுக்க பூஜ்ஜியமாக்கிக் கொடுத்துவிடும். வாங்குபவர் எதையும் யோசிக்க வேண்டாம், வசதிதான். ஆனால் டிஸ்க்கிலிருந்து படித்து நிரப்பப்போகும் பஃபருக்கும், ஃபோர்க்கின்போது (ஒரு பிராசஸ் தன் நகலாக இன்னொன்றை உருவாக்கும்போது) பேரன்ட்டின் பேஜை நகலெடுக்கப்போகும் பேஜுக்கும்கூட அது துடைத்துத்தான் கொடுத்தது. அடுத்த வரியிலேயே அதன் மேல் வேறொன்று எழுதப்படும், வெட்டி வேலை. அதனால் துடைக்காமல் கொடுப்பது ஒன்று, துடைத்துக் கொடுப்பது ஒன்று என இரண்டாகப் பிரித்துவிட்டேன், லினக்ஸில் கேஎம்அலாக், கேஸெட்அலாக் என்று தனித்தனியாக இருக்கிற மாதிரி.

பிரிப்பது சுலபம். பழைய ஃபங்ஷனை அழைத்த இடங்களில் எவையெல்லாம் பூஜ்ஜியத்தை நம்பியிருந்தன என்று கண்டுபிடிப்பதுதான் தலைவலி. கோடைப் படித்துப் பார்த்து முழுக்க நம்ப முடியாது. ஓட்டிப் பார்க்கலாமென்றால் கியூஇஎம்யூவில் (நிஜ கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர்) தொடங்கும்போதே மெமரி பூஜ்ஜியமாகத்தான் இருக்கும், ஆக முதல்முறை எடுக்கிற பேஜ் எல்லாம் தற்செயலாகச் சுத்தமாகவே வரும், டெஸ்ட் எல்லாம் பாஸ். ஒரு பிராசஸ் முடிந்து அதன் பேஜ் மறுபடி சுற்றுக்கு வரும்போதுதான் வினை.

சரி, குப்பையை நாமே போடுவோம் என்று எக்ஸ்வி6 என்ற பாடக் கெர்னல் செய்வதையே செய்தேன்: சாதாரணமாகக் கொடுக்கும் பேஜில் எல்லா பைட்டும் 5, திரும்பப் பெறும்போது எல்லாம் 1. பூட் ஆகி, முதல் யூசர் பிராசஸை உருவாக்கும் இடத்தில் டிராப், அதாவது பிழை கண்டு பிராசஸர் வேலையை நிறுத்தியது. காரணத்தைச் சொல்லும் எஸ்காஸ் ரெஜிஸ்டரில் 13, அதாவது லோட் பேஜ் ஃபால்ட்; பிழையான முகவரியைச் சொல்லும் எஸ்டிவாலில் பதினறும எண்ணாக 1414141414141000. இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பேஜ் டேபிளுக்காக (எந்த முகவரி எந்தப் பேஜில் என்று சொல்லும் பல நிலை அட்டவணை) எடுத்த பேஜில் ஒவ்வொரு 8 பைட் என்ட்ரியும் 0505050505050505. கடைசி பைட் 05 என்பதால் பிட் 0, அதாவது வேலிட் பிட், ஆன். அடுத்த நிலை டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று அட்டவணையில் நிலை நிலையாக இறங்கித் தேடும் என் வாக் ஃபங்ஷன் நம்பி, என்ட்ரியை 10 பிட் வலப்பக்கம் தள்ளி, 12 பிட் இடப்பக்கம் தள்ளி முகவரி எடுக்கிறது. விடை அச்சு அசலாக அந்த எண்தான். சரியான குப்பையைப் போட்டால் குற்றவாளி தன் பெயரைத் தானே சொல்லிவிடுவான். பேஜ் டேபிள் எடுக்கும் இடத்தை பூஜ்ஜிய வகைக்கு மாற்றினேன், தாண்டியது.

அப்புறம் இன்னொரு யோசனை: விடுவிக்கும்போதே துடைத்துவிட்டால் கொடுக்கும்போது வேலை இல்லையே? பாஸ்வேர்ட் போன்றவை மெமரியில் அநாவசியமாகத் தங்காது என்பது உண்மை, லினக்ஸும் 5.3 முதல் கொடுக்கும்போது துடைக்க ஒன்று, விடும்போது துடைக்க ஒன்று என இரண்டு பூட் ஆப்ஷன்களையும் வைத்திருக்கிறது. ஆனால் என் ஃப்ரீ லிஸ்ட் அடுத்த பேஜின் பாயின்டரை அந்தப் பேஜின் முதல் 8 பைட்டிலேயே வைக்கிறது, எனவே கொடுக்கும்போது அதை மட்டுமாவது மறுபடி துடைத்தாக வேண்டும். தவிர, கொடுக்கும்போது துடைத்தால் அந்த பேஜ் கேஷில் (பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள வேகமான மெமரி) சூடாக இருக்கும், வாங்கியவர் உடனே தொடப்போகிறார். அதனால் கொடுக்கும்போதே என்று முடிவு செய்தேன்.

யூசர் பக்கம் போகும் பேஜுக்கு மட்டும் சலுகையே கிடையாது, குப்பை போட்டுச் சோதிக்கும் டீபக் பில்டானாலும் பூஜ்ஜியம்தான், இல்லையென்றால் ஒரு பிராசஸின் மிச்சம் இன்னொன்றின் கையில் போய்ச் சேரும். சின்ன ஸ்ட்ரக்ட்களையும் விடக் கூடாது: ஒரு பைட் சாரும் (char) அதையடுத்து ஒரு 64 பிட் எண்ணும் இருந்தால் நடுவில் 7 பைட் பேடிங், அதாவது கம்பைலர் விடும் வெற்றிடம். ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக நிரப்பினாலும் அந்த 7 பைட்டில் பழைய கெர்னல் டேட்டா அப்படியே இருக்கும், ஸ்ட்ரக்டை யூசருக்கு நகலெடுத்தால் கூடவே போய்விடும். ஃபைல் விவரம் தரும் ஸ்டாட் சிஸ்டம் காலில் இதற்காகவே முதலில் ஒரு மெம்செட் சேர்த்தேன்.

அரேக்களுக்கு ஒரு தனி ஃபங்ஷன், எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கி, பெருக்கல் ஓவர்ஃப்ளோ ஆனால் நல் (வெற்றுப் பாயின்டர்) திருப்பும். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து சிபிஓ.ஸீரோ கட்டளையால் ஒரு கேஷ் பிளாக்கை ஒரே அடியில் துடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு எம்-மோடில் (பிராசஸரின் மிக உயர்ந்த அதிகார நிலை) மென்விசிஎஃப்ஜி ரெஜிஸ்டரின் சிபிஸெட்இ பிட்டைப் போட வேண்டும், இல்லையென்றால் கெர்னல் ஓடும் எஸ்-மோடில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் பிழை வரும். அதன் பிறகு, படிக்க மட்டும் தொடப்படும் யூசர் பேஜ்களுக்கெல்லாம் ஒரே பூஜ்ஜிய பேஜை மேப் செய்து, எழுதவரும்போது மட்டும் தனிப் பேஜ் கொடுப்பது.