வேலூர் வெயிலில் ஒரு துப்பாக்கிக் கட்டை

சென்னையில் மழை ஓய்ந்த பின்னும் காற்றில் ஈரம் நிற்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்ட காற்றில் அதை விட்டுச் சுருங்கும். என் காற்றுத் துப்பாக்கியின் இரும்புப் பாகத்தைத் தாங்கும் மரக்கட்டையைப் புதிதாகச் செய்து பொருத்த விரும்பியபோது சித்திரை மாதத்து வேலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். குடியாத்தம் செல்லும் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரி ஒருவர் கற்றுத்தர இசைந்தது இரண்டாவது காரணம். 0.177 அங்குல உள்விட்டமுள்ள குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட, உரிமம் தேவைப்படாத வகைத் துப்பாக்கி அது.

காட்பாடியில் இறங்கியதும் நேரே பட்டறைக்குப் போகாமல் கோட்டைக்குப் போனேன். 1806 ஜூலை 10 அன்று இங்கே கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் காலத்தில் கம்பெனிப் படைகள் ஏந்தியவை பிரௌன் பெஸ் வகைத் துப்பாக்கிகள். அவற்றின் நீண்ட குழலை அக்ரூட் மரக்கட்டையோடு பிணைத்தவை, மரத்தின் குறுக்கே செலுத்தப்பட்ட மெல்லிய ஊசியாணிகளே. அத்தனை உதைப்பையும் அந்த மரம் தாங்கியதென்றால் இரும்பும் மரமும் உள்ளே எவ்வளவு நெருங்கிப் பொருந்தியிருக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே அகழிக்கரையை விட்டுப் புறப்பட்டேன்.

ஆசாரியார் எடுத்துவைத்திருந்தது பூவரசு. வண்டிச் சக்கரத்துக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் தென்னாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்ட மரம் அது. வெளிறிய வெளிமரத்தை நீக்கி, செம்பழுப்பான வைரப்பகுதியை மட்டும் அவர் வைத்திருந்தார். கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் ரேகை, அதாவது மரநார் ஓடும் வரி, நீளவாக்கில் ஓடுகிறதா என்பதையே அவர் எல்லாவற்றுக்கும் முன்பு பார்த்தார். அங்கே ரேகை குறுக்கே போனால், கீழே விழும் ஒரே அடியில் கட்டை இரண்டாகிவிடும்.

குழலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சுருள்வில் உள்ள பகுதியைப் பிரிக்காமல், இரும்பை முழுதாகப் பழைய கட்டையிலிருந்து கழற்றினோம். புதிய மரத்தில் அதற்கான பள்ளத்தை உளியாலும் கொட்டாப்புளியாலும் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்தபின், உண்மையான வேலை தொடங்கியது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் மெல்லப் பூச வேண்டும். பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், மரம் முட்டும் இடங்களில் மட்டும் கரி ஒட்டும்.

“தம்பி, கரி ஒட்டுன இடத்தை மட்டும் சுரண்டு, மத்ததைத் தொடாதே.”

“எவ்வளவு ஆழத்துக்கு ஐயா?”

“கரி போற வரைக்கும்தான்.”

பூசுவதும் அழுத்துவதும் சுரண்டுவதுமாகப் பொழுது சாய்ந்தது. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த கரும்புள்ளிகள் மெல்லப் பரவி, பள்ளம் முழுவதும் சீராகத் தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. சுருள்வில் துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைத்து உடனே முன்னோக்கியும் உதைக்கும். பொருத்தம் ஒரு பக்கம் தளர்ந்தாலும் குறி மாறிவிடும். குழலை மடக்கும் நெம்புகோல் அசையும் கீழ்ப்பிளவில் மட்டும் தாராளமாக இடைவெளி விட்டோம்.

வெளியுருவை அரத்தால் ராவியது விரைவில் முடிந்தது. பிறகு 80, 120, 220, 320 எண் உப்புத்தாள்களால் ரேகையின் போக்கிலேயே தேய்த்தோம். ஈரத்துணியால் ஒற்றிக் காயவைத்தால் மரத்தின் நுண்நார்கள் சிலிர்த்து எழும். அவற்றைக் கடைசித் தாளால் தேய்த்து நீக்கிய பிறகுதான் எண்ணெய். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கையளவு துணியால் மிக மெல்லிதாகப் பூசி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். அது நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகுகிறது. அப்போது வெப்பமும் பிறப்பதால், எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். அந்த வெயிலில் ஆசாரியார் ஒவ்வொரு துணியையும் நீரில் நனைத்துத் தனித்தனியே விரித்துப் போடச் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத உட்பள்ளத்துக்கும் எண்ணெய் பூசினோம். சென்னைக்குத் திரும்பியதும் ஈரம் முதலில் புகத் தேடுவது அந்த இடத்தைத்தான். எண்ணெய் நன்கு இறுகிய பின் இரும்பை வைத்து, திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினோம். உதைப்பினால் அவை தளரும் என்பதால், சுடும் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் சரிபார்க்கிறேன்.