ஆச்சியின் மணிக்கட்டு

இன்று அதிகாலை ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆச்சியைக் கொண்டுவந்தார்கள். நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலம் ஏறி, மூச்சு வாங்கியது. காலமெல்லாம் கொழுந்து பறித்த மணிக்கட்டில், அமிலத்தை அளக்க இரத்தம் எடுப்பதற்காக, நாடியை, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயைத் தேடி இரண்டு முறை குத்தினேன். "போதும் மகனே" என்று கையை இழுத்துக்கொண்டார். மனது கேட்கவில்லை.

இந்த நோய்க்கு நாள இரத்தமே, அதாவது இதயத்துக்குத் திரும்பும் குழாயின் இரத்தமே போதுமே! அதில் அமில நிலையைக் காட்டும் பிஎச், நாடி இரத்தத்தைவிடச் சுமார் 0.03 தான் குறைவாக இருக்கும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற்றும் ஏறக்குறைய அதேதான். ஒட்சிசனை விரலில் மாட்டும் கருவி காட்டிவிடும். காபனீரொட்சைட்டில்தான் கவனம் வேண்டும்: நாள இரத்தத்தில் அதன் அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பயமில்லை, கூடினால் நாடி இரத்தம் எடுத்தே ஆகவேண்டும். இரத்த அழுத்தம் வீழ்ந்து கிடப்பவருக்கும் அப்படியே.

சேலைன் ஏற்றக் குத்திய ஊசியிலேயே ஆச்சியின் இரத்தத்தை எடுத்திருக்கலாம். மாலையில் அடுத்த பரிசோதனைக்கு அப்படித்தான் எடுத்தேன்.