டீக்கடை ரேடியோ

இன்று காலை கோடியக்கரை டீக்கடையில் ரேடியோவைத் திருகினால் இலங்கை வானொலிதான் துல்லியமாக விழுகிறது. திருச்சி கரகரக்கிறது.

"அங்க இப்ப சண்டை ஓஞ்சிருச்சுல்ல?" என்றார் கடைக்காரர்.

துப்பாக்கி ஓய்ந்தது, 2009 மே மாதம்.

சண்டை மூண்ட காரணங்கள்?

வெள்ளைக்காரன் போன 1948லேயே மலையகத் தமிழர்களின் குடியுரிமைக்கு வேட்டு. நம் திருச்சி, தஞ்சைப் பக்கமிருந்து தேயிலை பறிக்கப் போனவர்களும் அதில் உண்டு. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம்.

என்னைக் கேட்டால், இளைஞர்களைக் கொதிக்க வைத்தது 1971 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை. 400க்கு, தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும்.

வெறும் 21 மார்க். மொழிச் சட்டத்தை எதிர்த்துப் பெரியவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மார்க் விஷயத்தில் அடிபட்டது பதினெட்டு வயசு. அந்தத் தலைமுறைதான் ஆயுத இயக்கங்களை நிரப்பியது.

இனி?

1987இல் இலங்கை அரசியலமைப்பில் 13வது திருத்தம், அதன்படி மாகாண சபைகள். காணி, போலீஸ் அதிகாரம் ஏட்டில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. வடக்கில் கடைசி மாகாண சபைத் தேர்தல் 2013. தேர்தல் முறையை மாற்ற 2017இல் சட்டம் போட்டார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை மறு வருஷமே நாடாளுமன்றத்தில் தோற்றது. பழைய முறையும் போச்சு, புதியதும் வரவில்லை.

பதவிக்காலம் முடிந்த சபைகளை, ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள் நடத்த ஆரம்பித்தார்கள்.