கதவை யார் திறப்பது?

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் இப்போது வயதானவர்கள் இரண்டே பேர்தான், சில வீடுகளில் ஒருவர்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் தாண்டியோ இருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்குப் போக மனசில்லை, தனியாக ராத்திரியைக் கழிக்கவும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான், சந்தா கட்டிச் சொந்த வீட்டிலேயே உதவி பெறும் தெரு அளவிலான உறுப்பினர் சங்கம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதிவாசிகள் தங்களுக்குள் சந்தா போட்டு 2002-ல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். 'வில்லேஜ்' என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவியது. சேலத்தில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலில் சந்தா. இலவசம் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓசியில் உதவி கேட்க நம் ஆட்களுக்கு நா எழாது. 'அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். மாதம் 300 ரூபாய் கட்டியவர் உரிமையோடு போன் போடுவார். 30 வீடு சேர்ந்தால் 9,000. அதே தெருவில் இருக்கும் ஒருவருக்குக் காலை வேளைப் பகுதிநேரச் சம்பளம் 6,500, சங்கப் போனுக்கும் நோட்டுக்கும் 500, மீதி 2,000 அவசர ஆட்டோவுக்குக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முடியாத வீட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் குறைத்தோம் என்பது பொருளாளரைத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தாலே பதியலாம், 20 உறுப்பினர் ஆகிவிட்டால் பதிந்தே ஆக வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிகள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் துணைவிதி எழுதியே ஆறு மாதம் ஓடிவிடும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சங்கத்தின் உயிர் காலை விசாரிப்பில் இருக்கிறது. ஏழரை மணிக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரு போன். எடுக்கவில்லையா, குளித்துக்கொண்டிருக்கலாம், பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும். வாசல் தெளித்திருக்கிறதா, பால் பாக்கெட் இன்னும் கேட்டுப் பையிலேயே தொங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிக்கல் அடுத்த படியில். சங்கத்திடம் மாற்றுச் சாவி இருக்கிறது, சரி. ஆனால் நம் வீடுகளில் தெருக் கேட்டு, கிரில், நிலைக்கதவு என்று மூன்று தடுப்பு. கிரிலுக்கு உள்பக்கம் தொங்குபூட்டு, நிலைக்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குச் சாவி இருந்து என்ன பயன்? அதனால் உறுப்பினராகச் சேரும் அன்றே ஆசாரியைக் கூட்டிப்போய், இரு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டு ஒன்றைப் போட்டு, ராத்திரி தாழ்ப்பாள் போடுவதில்லை என்று பேசி முடித்துவிடுங்கள். கிரில் பூட்டை வெளியிலிருந்து கை எட்டும்படி தொங்க விட வேண்டும். சிலவகைப் பூட்டில் உள்ளே சாவியைச் செருகியபடி விட்டால் வெளிச் சாவி நுழையாது, உள்சாவியை ஆணியில் மாட்டப் பழக்குங்கள். மாற்றுச் சாவியை உறையில் ஒட்டி, ஒட்டின இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். உறைமேல் கதவிலக்கம் எழுதாமல் வெறும் எண் மட்டும். திறக்கும்போது இரண்டு பேர் போக வேண்டும், நோட்டில் நேரம் குறிக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

குளியலறைக்கு உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை வாங்கவே வாங்காதீர்கள். ஈர டைல்ஸில் அது எப்போது கழன்றுவிடும் என்று சொல்ல முடியாது, கழல்வதும் சரியாக முழு பாரத்தையும் போடும் நேரத்தில்தான். 32 முதல் 38 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டீல் கம்பி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல்கள் சுற்றிக்கொள்ள நாலு சென்டிமீட்டர் இடைவெளி. துளை போடும் முன் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று ஒலித்தால் பின்னால் கலவை இல்லை, இடத்தை மாற்றுங்கள். செங்கல் சுவரில் கல்லுக்குள் போல்ட் இறங்க வேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள கலவையில் அல்ல. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது. மாட்டி முடித்ததும் கொத்தனாரையே தொங்கச் சொல்லுங்கள். அப்படியே குளியலறைக் கதவு உள்பக்கம் திறப்பதானால் வெளிப்பக்கம் திறக்க மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

உறுப்பினருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போகிறவர் மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துப் போகாமல் வீட்டிலுள்ள மாத்திரைப் பெட்டியையே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு டாக்டரிடம் காட்டுபவர்களுக்கு அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருக்கும், இரண்டையும் விழுங்கிவிட்டுக் கால் வீக்கம், எழுந்தால் தலைசுற்றல் என்பார்கள். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்தால் அகப்பட்டுவிடும்.

அரசு தருவதைச் சங்கம் திரும்பச் செய்ய வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரத் தாயுமானவர் திட்டம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று, 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். செல்போனில் முகத்தைக் காட்டியே முடிகிறது, பட்டப்பகல் வெளிச்சத்தில் வைத்துச் செய்யுங்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, ஆனால் அது காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான். ராத்திரி அவசரத்துக்கு 108.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். ஏடிஎம் அட்டையோ ரகசிய எண்ணோ யாரும் வாங்கக் கூடாது, உயிலுக்குச் சாட்சியாகவும் போகக் கூடாது. உழவர் சந்தையில் காய் வாங்கித் தந்தாலும் மீதிச் சில்லறையோடு துண்டுச்சீட்டும் போக வேண்டும். படுக்கையில் விழுந்தவருக்குத் துடைத்து மாற்றும் வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டினால் மூன்றே மாதத்தில் சங்கம் காலியாகிவிடும். அதற்குச் சம்பள ஆள்தான், சங்கம் ஆள் பார்த்துத் தரலாம், அவ்வளவே.

ஏற்காட்டில் கணக்கே வேறு. வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன, மழையில் சிக்னல் போய்விடும், கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே போனை நம்பாமல் விளக்கை நம்பலாம்: ராத்திரி முழுக்க எரியும் வாசல் விளக்கைக் காலை ஏழுக்குள் அணைத்துவிட வேண்டும். எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பவருக்கு ஏழேகாலுக்கும் அது எரிந்துகொண்டிருந்தால் கிளம்ப வேண்டியதுதான். மின்வெட்டு நாட்களில் விளக்குக்குப் பதில் திண்ணைக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு. எழுந்ததும் அதை உள்ளே எடுத்துப் போட வேண்டும்.