டேப்பின் மறுமுனை

கிண்டி வளாகத்துக் கட்டடக்கலை ஸ்டூடியோவில் படித்தவர்களுக்கு ரோட்ரிங் பேனா அடைத்துக்கொள்ளும் எரிச்சலும், ட்ரேசிங் தாளில் விழுந்த தப்பை பிளேடால் சுரண்டிய இரவுகளும் மறக்காது. எனக்கு அதைவிட நினைவிருப்பது அளவு டேப்பின் ஒரு முனை. மறுமுனை எப்போதும் அக்காவிடம் இருந்தது.

கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர். பெயரைப் போட்டால் திட்டுவார். அவருடைய தீசிஸ் பாண்டி பஜார் நடைபாதை. நாங்கள் கூலியில்லா ஆட்கள். (ஆளுக்கு ஒரு கரும்பு ஜூஸ் உண்டு.) மே மாத வெயிலில் பனகல் பூங்கா பக்கம் நிற்கவைத்து, யார் எங்கே நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார்கள், எதனால் என்று குறிக்கச் சொன்னார். தரைக்கடைகள்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்றி நிறுத்திய வண்டிகள், மின்பெட்டிகள், உடைந்த சாக்கடை மூடிகள்.

தீசிஸை மதிப்பிடும் ஜூரிக்கு வந்தவர்களில் ஒருவர், "வரைபடத்தில் பூக்காரி எதற்கு?" என்று கேட்டார்.

"மரத்தையும் வரைஞ்சிருக்கேன் சார், அதைக் கேக்கலையே. மரம் வைக்கறதுக்கு முன்னாடியே அந்த அம்மா அங்க இருக்காங்க."

மதிப்பெண் குறைந்தது. கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும்தான்.

அப்புறம் டெல்லியில் நகர்ப்புற வடிவமைப்பு மேற்படிப்பு, திரும்பி வந்து சொந்த அலுவலகம், விருதுகள். அதை வேறு யாராவது எழுதட்டும். அந்த அலுவலகத்தில் ஒரு விதி: காலை, மதியம், இரவு மூன்று வேளையும் தெருவில் நின்று பார்க்காதவர் பென்சிலைத் தொடக்கூடாது. முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

2014-இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று கொள்கை வகுத்தது. எனக்கு டொராண்டோவில் நடுராத்திரி, அக்காவிடமிருந்து போன். "இனிமே 1.8 மீட்டர் கேக்கலாம்டா!" நடைபாதையில் சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே உரசாமல் போகும் அகலம் அது.

2019-இல் பாண்டி பஜாரே நடப்பவர்களுக்கான வளாகமாக மாறியது. அதைச் செய்தது அக்கா இல்லை, வேறு ஆட்கள். போன முறை ஊருக்கு வந்தபோது, ஏதோ தன் வீட்டைக் காட்டுவதுபோல் அங்கே கூட்டிப்போனார். பாதி வழியில், பெஞ்சில் இருந்த பெரியவரிடம் நின்றுவிட்டார்.

"மத்தியானத்துல உக்கார முடியுதாங்க?"

"நாலு மணிக்கு மேல வாம்மா. அதுவரைக்கும் சுடும்."

பையிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதிக்கடா."